எடி ரோஸ்னர் பெயரைத் திரும்பப் போடுங்கள்: பாட்டுச் செயலியின் பட்டியல் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பட்டியல் பிரிவினருக்கு,

வணக்கம். என் நான்கு மடல்களும் உங்களிடம் இருக்கின்றன, அதனால் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை ‘உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது’ என்று பதில் வந்தது. சந்தோஷமாகப் போய்ப் பார்த்தேன். அதுவரை ‘காரவான்’ என்ற ஜாஸ் இசைப் பதிவுக்குக் கீழே அமெரிக்க ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டன் பெயர் இருந்தது. மெட்டுப் போட்டவர்களில் அவரும் ஒருவர்தான், ஆனால் இந்தப் பதிவில் வாசித்திருப்பது டிரம்பெட் கலைஞர் எடி ரோஸ்னரின் குழு என்று எழுதியிருந்தேன். நீங்கள் எலிங்டனையும் எடுத்துவிட்டீர்கள். இப்போது அங்கே ‘பெயர் தெரியாத கலைஞர்’ என்று இருக்கிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள். இங்கே குரங்குகூட மிஞ்சவில்லை.

என் அக்கா மகன் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிக்கிறான். ஒரு நாள் ராத்திரி கல்யாண ஊர்வலம் முடித்து, உதடு வீங்கிப்போய் வந்தான். சாப்பிட உட்கார்ந்தவனுக்கு இந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். பாதியில் சோற்றுக் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். “மறுபடி வைங்க மாமா. மூச்சு எங்க எடுக்குறாருன்னே தெரியலையே.” ஆறு தடவை கேட்டான். தட்டில் கை காய்ந்துவிட்டது. கழுவிவிட்டு வந்து, இந்த ஆளுடைய மற்றதையும் கேட்கலாம் என்று என் போனை வாங்கி அந்தப் ‘பெயர் தெரியாத கலைஞர்’ மேல் விரலை வைத்தான். என்ன வந்தது தெரியுமா? குழந்தை தூங்குவதற்கான மழைச் சத்தம், ஃபேன் ஓடும் சத்தம், யாரோ பாடிய ஐயப்பன் பாட்டு. உங்கள் கணக்கில் இவர்கள் எல்லாரும் ஒரே ஆள்.

“யாரு மாமா இவரு?” என்றான். அவனுக்குச் சொன்னதையே சுருக்கி உங்களுக்கும் சொல்கிறேன்.

1910-இல் பெர்லினில், போலந்திலிருந்து வந்த ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்டெர்ன் இசைப் பள்ளியில் வயலின் படித்துவிட்டு டிரம்பெட்டுக்கு மாறினார். வைன்ட்ராப்ஸ் சிங்கோபேட்டர்ஸ் என்ற பெர்லின் ஜாஸ் குழுவில் வாசித்தார். ஹிட்லர் ஆட்சியில் ஒரு யூதருக்கு பெர்லினில் என்ன இடம்? போலந்துக்குப் போய்ச் சொந்தக் குழு வைத்தார். 1939-இல் போர் அங்கேயும் துரத்தியது. கிழக்கே பியாலிஸ்டாக்கில், சோவியத் பக்கம் தஞ்சம் புகுந்தார். சோவியத்தைச் சேர்ந்த பெலாரஸின் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் பொனமரென்கோ ஜாஸ் பிரியர், ரோஸ்னருக்கு அங்கே அரசு ஜாஸ் குழுவே அமைந்துவிட்டது. அமெரிக்க டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கை வைத்து ‘வெள்ளை ஆம்ஸ்ட்ராங்’ என்று பெயர் வாங்கிய மனுஷர், மேடையில் இரண்டு டிரம்பெட்டை ஒரே நேரத்தில் வாயில் வைத்து ஊதுவார். இதைச் சொன்னபோது என் மருமகன் நம்பவில்லை. மறுநாள் நண்பனுடைய டிரம்பெட்டையும் வாங்கி வந்து முயற்சி செய்து பார்த்து, பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

போர் முடிந்ததும் காற்று திசை மாறியது. 1946 ஆகஸ்டில் இஸ்வெஸ்தியா நாளிதழ் இவருடைய இசையை மட்டரகம் என்று தாக்கி எழுதியது. போலந்துக்கே திரும்பிவிடப் பார்த்தார். லிவீவ் நகரில் கைது, 10 ஆண்டு தண்டனை. கபரோவ்ஸ்க் சிறை முகாம், பிறகு சைபீரியாவின் கடைக்கோடியில் மகதான். அந்த முகாம்களிலும் கைதிகளைச் சேர்த்துக் குழு நடத்தினார். ஸ்டாலின் இறந்தபின் 1954-இல் விடுதலையாகி, மாஸ்கோவில் மறுபடி ஒரு குழு. 1973-இல் பிறந்த ஊருக்கே, மேற்கு பெர்லினுக்குப் போனார். போனவர் பெயரை சோவியத் வானொலி அதோடு மறந்துவிட்டது. 1976-இல் இறந்தார்.

சோவியத் அதிகாரிகளிடமாவது அழிப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. உங்களிடம் என்ன இருக்கிறது? ‘எழுத்துக்கூட்டல் முரண்பாடு காரணமாகப் பெயர் நீக்கப்பட்டது.’ ஐயா, அந்த முரண்பாடுதான் அவர் வாழ்க்கை. வீட்டில் வைத்த பெயர் அடால்ஃப். ஹிட்லர் காலத்தில் ஒரு யூதர் அந்தப் பெயரை எப்படிச் சுமப்பார்? அதனால் ஆடி ஆனார் (நம் ஆடி மாதத்து ஆடி இல்லை), பிறகு எடி. ரஷ்ய எழுத்தில் ரோஸ்னர் ரோஜ்னர் மாதிரி ஒலிக்கும். இதனால் உங்கள் செயலியில் ஒரே மனிதர் மூன்று ஆளாகப் பிரிந்து கிடக்கிறார், நாலாவது ஆளுக்குப் பெயரே இல்லை. மூன்று பக்கங்களையும் ஒன்றாக்கி, ‘காரவா’னுக்குக் கீழே எடி ரோஸ்னர் என்று போடுங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

இந்த ஒரு ஆளோடு நின்றால் பரவாயில்லை. நாதஸ்வரம் என்று தேடினால் ‘மங்கள இசை’, ‘கெட்டிமேளம்’, ‘திருமண இசை - பாகம் 2’ என்று வருகிறது. ஊதியவர் பெயர் இல்லை. தவில் வாசித்தவர் பெயரை எதிர்பார்ப்பது பேராசை. பழைய சினிமாப் பாட்டில் எழுதிய கவிஞரைத் தேடிக் கண்ணே பூத்துவிடும். ஆனால் மாதம் பிறந்தால் என் சந்தாப் பணம் மட்டும் என் பெயரில், என் இனிஷியலோடு, ஒரு எழுத்துப் பிசகாமல் உங்கள் கணக்குக்கு வந்துசேர்கிறது. அதில் முரண்பாடு வந்ததே இல்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். பட்டியல் பிரிவில் இருப்பவர்களுக்கும் ஒரு நாளைக்கு ஆயிரம் கோரிக்கை வரும், அதில் என்னுடையது ஒன்று என்பது புரிகிறது. கூடுதல் ஆதாரம் வேண்டும் என்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். தயவுசெய்து எடி ரோஸ்னர் பெயரைத் திரும்பப் போடுங்கள். பதில் போடுவதாக இருந்தால் பழைய கோரிக்கை எண்ணிலேயே போடுங்கள். ஐந்தாவது எண் வேண்டாம்.

இப்படிக்கு,
பெயர் தெரிந்த ஒரு சந்தாதாரர்