பேறுகாலத்துக்குத் தாய்வீடு போனவளுக்குச் சத்துமாவு உண்டா?

சிவகங்கை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், அங்கன்வாடிகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்களுக்கும் வணக்கம்.

புதுவயல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் தலைப்பிரசவம் என்றால் தாய்வீட்டில்தான். ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்புப் போட்டு அழைத்து வருவார்கள். பிள்ளைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். பெரிய வீட்டுக்காரர்களானாலும் அரிசி ஆலைக்குக் கூலிக்குப் போகிறவர்களானாலும் வழக்கம் இதுதான். சமுதாய வளைகாப்பு நடத்துகிற துறைக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவுக்கு விதி எழுதியவர்கள் இதை யோசித்த மாதிரி தெரியவில்லை. 2025 ஜூலை 1 முதல், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஊட்டச்சத்துக்கு அங்கன்வாடிக் கணக்கு வைக்கும் போஷன் டிராக்கர் செயலியில் முகப்பதிவு கட்டாயம் என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. முதலில் ஆதார், அதோடு இணைந்த கைபேசிக்கு ஒரு ஓடிபி, அப்புறம் மாவு வாங்கும்போது பணியாளரின் போனில் முகத்தைக் காட்ட வேண்டும். பெண்ணின் பதிவு காளையார்கோவில் பக்கம் புருஷன் ஊரில் இருக்கிறது. அவள் முகம் சாக்கோட்டைப் பக்கம் தாய்வீட்டில் இருக்கிறது. ஓடிபி போவதோ திருப்பூர் பனியன் கம்பெனியில் நிற்கும் புருஷன் போனுக்கு. அவர் எடுத்துப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்ப காலம் முழுக்கவும் பிள்ளை பிறந்து ஆறு மாதம் வரையும் தாய்க்கு அங்கன்வாடி வழியாக உணவு தரச் சொல்கிறது. நாளொன்றுக்கு 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம். இந்த ஆறு மாதத்தில் பாதியோ அதற்கு மேலோ எங்கள் பெண்கள் தாய்வீட்டில் இருக்கிறார்கள். வசதியுள்ள வீட்டில் பூண்டுக் குழம்பும் கருப்பட்டி போட்ட உளுந்தங்களியும் மாறி மாறிக் கிடைக்கும். ஆலையில் நெல் அள்ளிப்போடும் தாயால் மகளுக்கு அத்தனையும் செய்ய முடியாது. அந்த வீட்டில் ஒரு மாவுப் பொட்டலத்தின் மதிப்பு வேறு.

உள்ளூரிலேயே பதிந்தவர்களுக்கும் இது சுலபமில்லை. ஒரு மையத்தில் நேரில் பார்த்தேன். பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாத பெண், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆதாரில் இருப்பது பள்ளிக்கூடக் காலத்துப் படம். “கண்ணைச் சிமிட்டும்மா, இன்னொரு தரம்” என்று பணியாளர் போனைத் தூக்கித் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே வெளிச்சம் பற்றவில்லை என்று வாசலுக்கு வரச் சொன்னார். வாசலில் வெயில் கண்ணைக் கூசியது. போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பொட்டலங்கள் மேசைமேல்தான் இருந்தன. “மாவும் இருக்கு, குடுக்க மனசும் இருக்கு. குடுத்தா கணக்குல ஏறாதே” என்றார் பணியாளர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போலிப் பெயர்களை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். சரி, ஒழியட்டும். ஆனால் ஒரு சிற்றூரில் யார் கர்ப்பமாக இருக்கிறார்கள் என்பது அங்கன்வாடி டீச்சருக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் தெரியாமல் போகாது. செவிலியர் கர்ப்பத்தைப் பதிந்து கொடுக்கும் பிக்மி எண் ஏற்கெனவே இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாயில் 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் அந்தப் பதிவை நம்பித்தான் வருகிறது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கப் போதுமான பதிவு, மாவு கொடுக்கப் போதாதா? ஆதார் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் நலத்திட்டப் பலனை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2018-இல் சொல்லியிருக்கிறது.

செயலியில் ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்குப் பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். மாற்றலாம்தான். பிள்ளைப்பேறுக்கு வரும்போது ஒரு தரம், திரும்பிப் போகும்போது ஒரு தரம் பச்சை உடம்புக்காரி இதற்கு அலைய வேண்டுமா? இரண்டு டீச்சர்களும் தங்களுக்குள் பேசி முடிக்கிற வேலையாக அதை மாற்றிவிடுங்கள். வளைகாப்பு அன்றைக்கே பதிவும் தாய்வீட்டு ஊருக்கு மாறிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

விதி டெல்லியில் போட்டது, உங்கள் கையில் இல்லை என்று தெரியும். இங்கே நடக்கிறதை மேலே எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது. முகம் பதியவில்லை என்றால் மாவை முதலில் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளைத்தாய்ச்சியோ பிள்ளை பெற்றவளோ வர முடியாத மாதத்தில் அவள் ஆத்தாவோ அப்பத்தாவோ வந்தால் கொடுக்கலாம் என்று எழுத்தில் உத்தரவு போட்டு மையத்துச் சுவரில் ஒட்டச் செய்யுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அந்த டீச்சர் எதை நம்பிக் கொடுப்பார்? இதுவரை விடுபட்ட மாதங்களுக்கான பொட்டலங்களையும் கணக்கெடுத்து, அடுத்த வழங்கும் நாளில் சேர்த்துக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
புதுவயல் வட்டாரத்துப் பெண் ஒருத்தி