கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால எடுக்குற ரத்தம் யாருக்காக?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் சீவுன காலத்து ஆளுங்க நெறய பேருக்கு இப்ப கண்புரை. அரசாங்க ஆஸ்பத்திரில தேதி தள்ளிப் போகுதுன்னு புள்ளைங்க காசு சேத்து தனியார்ல காட்டுறாங்க, அங்க ஆபரேஷனுக்கு முன்னாடி எச்ஐவி, அப்புறம் ஈரல கெடுக்குற கிருமிங்க ஹெப்படைட்டிஸ் பி, சி, மூணுக்கும் ரத்தம் எடுக்குறாங்க. எடுக்கட்டும், வேணாம்னு சொல்லல. எடுத்தப்புறம் நடக்குறதுதான் சரியில்ல.

லயத்துல எங்க பக்கத்து வீட்டுல இருந்த ஒரு அக்காவுக்கு ஹெப்படைட்டிஸ் சின்னு வந்துச்சு. கவுண்டர்ல, அத்தன பேர் உக்காந்திருக்கறப்ப, "ஆன்ட்டி உங்களுக்கு கிருமி இருக்கு, இங்க செய்ய முடியாது"ன்னு சத்தமா சொல்லி அனுப்பிட்டாங்க. எங்க போகணும்னு சொல்லல, ஒரு லெட்டர்கூட குடுக்கல. அவங்க வீட்டுக்கு வந்து தனக்குன்னு ஒரு மங்கு, ஒரு கிளாஸ் தனியா எடுத்து வச்சிக்கிட்டு பேரப்புள்ளைய தூக்கவே மாட்டேன்னுட்டாங்க. சேந்து சாப்பிடுறதுலயோ புள்ளைய தூக்குறதுலயோ இது ஒட்டாதுன்னு சொல்ல அங்க ஒருத்தருக்கும் வாய் வரல.

அந்த அக்காவுக்கு எண்பதுகள்ல பிரசவத்தப்ப ரத்தம் ஏத்துனாங்களாம். அதுலதான் வந்துச்சுன்னு நான் அடிச்சு சொல்ல முடியாது, ஆனா இந்த சி கிருமியையே 1989லதான் கண்டுபிடிச்சாங்க, அதுக்கு முன்னாடி ஏத்துன ரத்தத்துல இத எந்த நாட்டுலயும் சோதிச்சிருக்க வழியே இல்ல. ஊர் வாய் வேற மாதிரி பேசுது, அத விடுங்க.

இன்னொன்னு, இந்த சி கிருமிக்கு மொத டெஸ்டுல பாசிட்டிவ்னா கிருமி இப்பவும் உள்ள இருக்குன்னு அர்த்தமில்ல, சில பேருக்கு உடம்பே அத வெரட்டிருக்கும், அத தெரிஞ்சுக்க ரெண்டாவதா ஒரு டெஸ்ட் எடுக்கணும். அப்படியே இருந்தாலும் மாத்திர இருக்கு, பெரும்பாலும் 12 வாரம், நூத்துக்கு 95 பேருக்கு மேல குணமாகுது. இதுக்காகவே நம்ம அரசாங்கம் 2017ல மருந்து கம்பெனியோட பேட்டன்ட்ட (தனி உரிமைய) தாண்டி மலிவு மருந்து வாங்க வழி பண்ணுச்சு, 2018லருந்து அரசாங்க ஆஸ்பத்திரில இலவசம். கண்ணுக்காக வந்த எடத்துல ஈரல காப்பாத்த ஒரு வாய்ப்பு கெடச்சிருக்கு, அத ஒரு லெட்டர் எழுதாம கெடுக்கலாமா?

மத்தவங்க பாதுகாப்புக்குத்தான் ஆபரேஷன் பண்ணலன்னு சொன்னா அது கொஞ்சம் இடிக்குது. கிருமி புதுசா ஏறுனவங்களுக்கு மொத சில வாரம் டெஸ்டுல தெரியாமலே போகலாம், அப்ப நெகட்டிவ்னு வந்தவருக்கு கருவிய ஒரு மாதிரி கழுவி பாசிட்டிவ்னு வந்தவருக்கு வேற மாதிரி கழுவுனா என்ன பாதுகாப்பு? யாரா இருந்தாலும் ரத்தத்துல கிருமி இருக்குற மாதிரியே நெனச்சு வேல செய்யணுங்கறது எண்பதுகள்லயே உலகம் ஒத்துக்கிட்ட முறை. கருவிய கழுவி ஆட்டோகிளேவ்ல, அதாவது சூடான நீராவி மிஷின்ல, போட்டா இந்த மூணு கிருமியும் சாகும், ஊசி குத்திடும்னு பயப்படுற நர்சுக்கு ஹெப்படைட்டிஸ் பிக்கு தடுப்பூசி இருக்கு, எச்ஐவின்னா 72 மணி நேரத்துக்குள்ள மருந்து ஆரம்பிக்கலாம். சொல்லப்போனா ஆபரேஷனுக்கப்புறம் கண்ண கெடுக்குற சீழ் பெரும்பாலும் நம்ம இமையில இருக்குற பாக்டீரியாவாலதான் வருது, அதுக்குத்தான் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி அயோடின் சொட்டு விடுறாங்க.

இப்ப அந்த அக்காவோட மக அவங்கள கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதார கிளினிக்) கூட்டிட்டுப் போயி ரெண்டாவது டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தாச்சு, கண்ணு இன்னும் மங்கல்தான்.

தனியார் கிளினிக்காரங்ககிட்ட கேக்குறது இதுதான். எதுக்கு டெஸ்ட்னு மொதல்லயே சொல்லுங்க, ரிசல்ட்ட ரூமுக்குள்ள கூப்பிட்டு சொல்லுங்க, லெட்டர் எழுதிக் குடுங்க. அந்த அக்கா கையெழுத்து போட்ட ஃபாரம் முழுக்க இங்கிலீஷ்ல இருந்துச்சு, அத தமிழ்லயும் மலாய்லயும் அடிக்க எவ்வளவு வெள்ளி ஆயிடப் போவுது.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட்