சாலைச் சந்திப்புகளில் கேமரா: அமைக்கவும் காக்கவும் உங்கள் நன்கொடை வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

கணக்கு வழக்கைச் சொல்வதற்கு முன் ஒரு மாலை நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழு உருவானதே அதனால்தான்.

நான்கு சாலைகள் கூடும் இடம். மணி ஆறே முக்கால் இருக்கும். சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெரியவரை இடித்துவிட்டு ஒரு கார் நிற்காமல் போய்விட்டது. அவரைத் தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர்களில் நானும் ஒருவன். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. காரின் நம்பரை யாரும் பார்க்கவில்லை. "கேமராதான் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மறுநாள் காலை நாலு பேராகப் போனோம். அந்தச் சந்திப்பைப் பார்த்தபடி மூன்று கட்டிடங்களில் கேமரா இருந்தது. முதல் கட்டிடத்தில் திரையில் படம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் ரெக்கார்டருக்குள் இருந்த ஹார்டு டிஸ்க் எப்போதோ செத்துப்போயிருந்தது. நேரடிப் படம் ஓடிக்கொண்டே இருந்ததால், பதிவு ஆகவில்லை என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டாவது கட்டிடத்தில் பதிவு இருந்தது, கடிகாரம் தப்பு. 47 நிமிட வித்தியாசம். நாங்கள் கேட்ட நேரத்தில் வேறு வண்டிகள்தான் போய்க்கொண்டிருந்தன. முன்னும் பின்னும் தள்ளித் தேடி அந்தக் காரைப் பிடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. கார் தெரிந்தது, நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு வெளிச்சத் திட்டு மட்டும். மூன்றாவது கேமராவின் கண்ணாடிக்கு முன்னால் சிலந்தி வலை. இரவில் எரியும் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். அந்த விளக்கில் ஒவ்வொரு இழையும் பிரகாசித்து, சாலையையே மறைத்துவிட்டது.

கேமரா வைத்த மூவரும் நல்ல மனதோடுதான் வைத்தார்கள். வைத்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. அவ்வளவுதான் நடந்தது. பெரியவர் இன்றும் தடி ஊன்றித்தான் நடக்கிறார். அந்தக் கார் கிடைக்கவே இல்லை.

அதனால் இந்த வேண்டுகோளை வழக்கமான கேமரா வசூல் என்று நினைக்க வேண்டாம். நகரின் முக்கியச் சந்திப்புகள், பேருந்து நிறுத்தங்கள், பொது வாகன நிறுத்தங்கள் எல்லாவற்றையும் ஒரே கன்ட்ரோல் ரூமோடு இணைக்கும் அமைப்புக்காகக் கேட்கிறோம். அதைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பழுதில்லாமல் ஓட்டுவதற்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம். வரும் தொகையில் பாதிக்கும் குறைவாகத்தான் கேமரா வாங்கச் செலவாகும். மீதி எங்கே போகிறது என்று நீங்கள் கேட்பது நியாயம், சொல்கிறோம்.

முதலில் படம். ஒரு அந்நியரை "இன்னார்" என்று அடையாளம் காட்ட, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகள், வேண்டும் என்பது கேமராத் தொழிலில் பரவலாகப் பயன்படும் அளவுகோல். ஏற்கெனவே தெரிந்த ஆளை அவர்தான் என்று சொல்ல 125 போதும். யாரோ நிற்கிறார் என்று தெரிந்தால் போதும் என்றால் 25. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பரவலாக விற்கும் ஃபுல் எச்டி கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். 250-ஆல் வகுத்தால் ஏழரை மீட்டருக்குச் சற்று மேல். அதாவது, அந்த ஒரு கேமரா முகம் தெரியும்படி காட்டக்கூடியது அவ்வளவு அகலத்தை மட்டும்தான். முழுச் சந்திப்பையும் ஒரே கேமராவில் அடக்கினால், கூட்டம் தெரியும், ஆள் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சாலைக்கும் இரண்டு கேமரா: ஒன்று அகலமாகப் பார்க்க, இன்னொன்று நம்பர் பிளேட்டை மட்டும் குறுகலாகப் பார்க்க. இரண்டாவது வகை, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஷட்டரைச் சுருக்கி, தன்னுடைய அகச்சிவப்பு ஒளியில் படம் பிடிக்கும். ஹெட்லைட் வெளிச்சத்தில் பிளேட் கரைந்துபோகாது. அன்றைக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை.

அடுத்தது சேமிப்பு. நொடிக்கு 4 மெகாபிட் வீதம் பதியும் ஒரு கேமரா ஒரு நாளில் சுமார் 43 ஜிபி நிரப்பும். 30 நாளுக்கு 1.3 டிபி, அதாவது சுமார் 1,300 ஜிபி. 100 கேமரா என்றால் 130 டிபி. ஒரு டிஸ்க் போனாலும் பதிவு போகாதபடி வைக்க இன்னும் கூடுதலாக வேண்டும். ஏன் 30 நாள் என்று குழுவுக்குள்ளேயே விவாதம் நடந்தது. ஒரு வாரம் போதும் என்றார்கள் சிலர். அடிபட்டவர் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்து புகார் கொடுக்கவே மூன்று வாரம் ஆகலாம் என்று எங்கள் குழுவில் உள்ள ஒரு செவிலியர் சொன்னதும் விவாதம் முடிந்துவிட்டது.

அப்புறம் கேபிள். சாதாரண நெட்வொர்க் கேபிளில் 100 மீட்டர்தான் நம்பிப் போகலாம். அதற்கு மேல் ஃபைபர் என்னும் கண்ணாடி இழைக் கேபிள் இழுக்க வேண்டும். அதோடு, மின்சாரம் நின்றாலும் கேமரா நிற்காமல் இருக்க கம்பத்துக்குக் கம்பம் பேட்டரி. எல்லாக் கடிகாரங்களும் ஒரே நேரம் காட்ட ஒரு நேர சர்வர். சொல்லப்போனால், இதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. அந்த 47 நிமிடம் எங்களுக்கு அரை நாளைத் தின்றது.

இவற்றைவிட முக்கியமாக நாங்கள் நினைப்பது ஆள் சம்பளம். மாதம் ஒரு முறை ஏணி போட்டு ஏறி லென்ஸைத் துடைக்க, காற்றில் திரும்பிப்போன கேமராவைச் சரியான பக்கம் திருப்ப, தினமும் காலையில் ஒவ்வொரு கேமராவிலும் நேற்றைய பதிவு இருக்கிறதா என்று திறந்து பார்க்க முழுநேரமாக இரண்டு பேர் வேண்டும். "அதற்கெல்லாம் ஆளா?" என்று கேட்பவர்களுக்கு அந்த முதல் கட்டிடத்து ஹார்டு டிஸ்க்தான் பதில்.

குற்றம் குறையுமா என்று பலர் கேட்கிறார்கள். குறையும், நினைக்கும் அளவுக்கு இல்லை. கேமரா வைத்த இடங்களைப் பற்றி நாற்பது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வந்த ஒரு மதிப்பீடு, சராசரியாக 13 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. வாகன நிறுத்தங்களில்தான் பலன் மிக அதிகம். வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. சும்மா பதிந்து வைப்பதைவிட, ஆள் உட்கார்ந்து பார்க்கும் அமைப்புகளுக்கும், நல்ல விளக்கு போன்ற வேறு ஏற்பாடுகளோடு சேர்ந்தவற்றுக்கும் பலன் கூடுதல். எங்கள் திட்டத்தில் வாகன நிறுத்தங்கள் முதலில் வருவதும், கம்பத்துக்குக் கம்பம் விளக்கு சேர்ந்திருப்பதும் இதைப் படித்த பிறகுதான். கேமரா வந்துவிட்டால் குற்றமே நடக்காது என்று சொல்லி உங்களிடம் பணம் வாங்க எங்களுக்கு மனமில்லை.

போக்குவரத்தில் பலன் இதைவிடத் தெளிவாகத் தெரியும். சிக்னல் அருகே சாலைக்கு அடியில் புதைக்கும் கம்பிச் சுருள், எத்தனை வண்டி வந்தது என்று எண்ணிச் சொல்லும். ஏன் நகரவில்லை என்று சொல்லாது. லாரி பழுதாகி நிற்கிறதா, மரம் விழுந்திருக்கிறதா, தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று தெரிய யாராவது கண்ணால் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1984 ஒலிம்பிக் போட்டிக்காக, சிக்னல்களை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் மையத்தைத் தொடங்கியது. சாலையில் புதைத்த உணரிகளும் கேமராக்களும் சேர்ந்துதான் அதற்குத் தகவல் தருகின்றன. 2013-க்குள் நகரின் 4,000-க்கும் மேற்பட்ட சிக்னல்கள் அதில் இணைந்துவிட்டன. 2010 ஏப்ரலில் பெருமழையும் மண்சரிவும் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரை உலுக்கின. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே போக்குவரத்து, மழை, மீட்பு என்று எல்லாத் துறையினரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கேமராக்களைப் பார்க்கும் மையம் அங்கே வந்துவிட்டது. எனக்கு இதில் பிடித்தது அந்த ஒரே கூரைதான். ஒரு துறைக்குத் தெரிவது இன்னொரு துறைக்குத் தெரியாமல் போவதால்தான் ஆம்புலன்ஸ் நெரிசலில் மாட்டிக்கொள்கிறது.

சிக்னல் மீறுபவர்களைப் பிடிக்கும் கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005-ல் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைத் துறை வெளியிட்ட ஆய்வில், அத்தகைய கேமரா உள்ள சந்திப்புகளில் குறுக்கே வந்து மோதும் விபத்துகள் ஏறத்தாழ 25 சதவீதம் குறைந்தன. பின்னால் வந்து இடிப்பவை 15 சதவீதம் கூடின. திடீரென்று பிரேக் போடுகிறார்கள் அல்லவா! குறுக்கு மோதல்தான் உயிரைக் குடிப்பது என்பதால் மொத்தத்தில் லாபம்தான். இருந்தாலும் மஞ்சள் விளக்கு எரியும் நேரம் சாலையின் வேகத்துக்குப் போதுமானதா என்று அளந்து பார்க்காத சந்திப்பில் அந்தக் கேமராவை வைக்கச் சம்மதிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

இனி, தயங்குபவர்களுக்கு. "எங்களை எல்லா நேரமும் யாரோ பார்த்துக்கொண்டே இருப்பார்களா?" என்று கேட்டு நன்கொடை தர மறுத்த அம்மா ஒருவரின் வீட்டில் நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டது எல்லாம் சரியான கேள்விகள். லண்டனில் 2003 பிப்ரவரியில், நகர மையத்துக்குள் வரும் வண்டிகளிடம் நெரிசல் கட்டணம் வசூலிப்பதற்காக நம்பர் பிளேட் படிக்கும் கேமராக்கள் வந்தன. 2007-ல் தேசப் பாதுகாப்பின் பேரில் அதே கேமராக்களின் தகவலை நேரடியாகப் பார்க்கக் காவல் துறைக்கு அனுமதி கிடைத்தது. அது தேவைதானா என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு வேலைக்கு வைத்த கேமரா இன்னொரு வேலைக்குப் போகும் என்பது உண்மை. ஆகவே எழுதி வைக்காத விதி விதியே இல்லை என்று அந்த வீட்டை விட்டு வெளியே வரும்போது எனக்குப் புரிந்தது. அவர் கேட்டவற்றை வைத்தே எங்கள் விதிகளைத் திருத்தி எழுதினோம்.

பதிவுகள் 30 நாளில் தானாக அழியும், புகார் எண்ணோடு கேட்டுப் பெற்றவை தவிர. யார், எப்போது, எந்தப் பதிவைத் திறந்தார் என்பது அழிக்க முடியாத பதிவேட்டில் ஏறும். வீட்டுச் சன்னலோ பால்கனியோ படத்தில் விழுந்தால் அந்தப் பகுதி கறுப்பாக மறைக்கப்படும். ஒலி பதிவாகாது. முகத்தை வைத்து ஆளைத் தேடும் மென்பொருள் இந்த அமைப்பில் இருக்காது. 2018-ல் வந்த ஓர் ஆய்வு, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தபோது, வெள்ளைத் தோல் ஆண்களிடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத் தவறியவை, கருத்த தோல் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை தவறின. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகர் அருகே 2020 ஜனவரியில், ஒரு கேமரா படத்தை மென்பொருள் தப்பாகப் பொருத்தியதால், குற்றத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவரை மனைவி, பிள்ளைகள் கண்முன்னே கைது செய்தார்கள். நம் பணத்தில் அப்படி ஒன்று நடக்கக் கூடாது.

பாஸ்வேர்டு விஷயமும் உண்டு. 2016-ல் மிராய் என்ற நச்சுநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமலே விட்டிருந்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பல்லாயிரக்கணக்கில் பிடித்து, பெரிய பெரிய இணையதளங்களை முடக்கியது. நம் கேமராக்கள் பொது இணையத்தில் நேரடியாகத் தெரியாத தனி நெட்வொர்க்கில் இருக்கும். வருடா வருடம் வெளியாள் ஒருவரைக் கொண்டு சோதிக்கவும் தொகை ஒதுக்கியிருக்கிறோம்.

நன்கொடையை மொத்தமாகவும் தரலாம், மாதம் ஒரு சிறு தொகையாகவும் தரலாம். எங்களுக்கு இரண்டாவதுதான் அதிக உதவி, ஏனென்றால் சம்பளமும் மின்கட்டணமும் மாதா மாதம் வருபவை. பணமாகத் தர முடியாதவர்கள் மின் இணைப்புக்கு இடம், கம்பம் நட ஒரு மூலை, மொட்டை மாடியில் ஆன்டெனாவுக்கு இடம் என்று தரலாம். எலக்ட்ரீஷியன்கள், நெட்வொர்க் வேலை தெரிந்தவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தாலும் பெரிய விஷயம். எதற்கும் ரசீது உண்டு. வரவு செலவு ஒவ்வொரு காலாண்டும் வெளியிடப்படும். அதில் அந்தக் காலாண்டில் எத்தனை கேமரா எத்தனை நாள் வேலை செய்யவில்லை என்பதும் இருக்கும்.

நன்கொடையாளர் பெயரைக் கம்பத்தில் எழுதுவதில்லை. எவ்வளவு கொடுத்தாலும் நேரடிப் படம் யாருடைய ஃபோனுக்கும் வராது, குழு உறுப்பினர்களான எங்களுக்கும் வராது.

முதல் கட்டத்தில் எங்கள் பெரியவர் விழுந்த அந்தச் சந்திப்பு உட்படப் பன்னிரண்டு சந்திப்புகள். கம்பம் நடப்போகும் இடங்களில் தரையில் மஞ்சள் வட்டம் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு சந்திப்பிலும் கேமராவைப் பொருத்துவதற்கு முந்தின மாலை, அது பார்க்கும் படத்தை ஒரு திரையில் போட்டு அங்கேயே காட்டுவோம். கட்டாயம் வாருங்கள். உங்கள் வீட்டு வாசல் அதில் தெரிந்தால் அங்கேயே சொல்லுங்கள், உங்கள் முன்னாலேயே மறைத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
கேமரா அமைப்புக் குழு சார்பில்,
செயலாளர்