ரெப்ளிகேஷன் நின்றுபோனால் முதலில் ஈவென்ட் லாகைப் படியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிளை அலுவலகம் வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள் இரண்டு சர்வர்களுக்கு இடையே ஃபைல்களை ரெப்ளிகேட் செய்துகொள்ளலாம் (ஒன்றில் மாறுவது தானாக மற்றதிலும் மாறும்), ஒன்று படுத்துவிட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும், அதுவே பேக்கப்பும் ஆகிவிடும் என்று உங்கள் தொழில் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான், ஆனால் பாதியில் நின்றுவிட்டது. அந்த ரெப்ளிகேஷன் என்றாவது ஒருநாள் நிற்கும், நின்றது பல நாள் யாருக்கும் தெரியாது, தெரிந்த பிறகு பதற்றத்தில் செய்கிற காரியத்தில்தான் ஃபைல்கள் தொலைகின்றன. ஈரோடு, கரூர், திருப்பூர் பக்கம் சர்வர் பராமரிப்பதே என் பிழைப்பு என்பதால் மீதிப் பாதியை எழுதுகிறேன்.

நான் போய்வரும் அலுவலகங்களில் பெரும்பாலும் இருப்பது விண்டோஸ் சர்வரோடு சேர்ந்தே வரும் டி.எஃப்.எஸ். ரெப்ளிகேஷன். 2003 ஆர்2 பதிப்பில் வந்தது. அது நின்றுபோனால் ஏன் யாருக்கும் உறைப்பதில்லை என்றால், ஈரோட்டில் இருப்பவர் ஈரோடு சர்வரில் சேமிக்கிறார், கரூரில் இருப்பவர் கரூர் சர்வரில் சேமிக்கிறார், இரண்டு பக்கமும் ஃபைல் திறக்கிறது, மூடுகிறது, பிரிண்ட் வருகிறது. எந்தத் திரையிலும் சிவப்பு எழுத்து வராது. "நேற்று நான் மாற்றிய ரேட் அங்கே வரவில்லையே" என்று ஒருவர் போன் செய்து கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது, அந்த 'நேற்று' பல நேரம் இரண்டு மாதத்துக்கு முந்தையதாக இருக்கிறது.

நம் ஊரில் இதற்கு முதல் காரணம் கரண்ட் கட். எந்த ஃபைலின் எந்தப் பதிப்பு தன்னிடம் இருக்கிறது என்று ஒவ்வொரு சர்வரும் டிரைவுக்கு ஒரு டேட்டாபேஸ் வைத்திருக்கும். யூ.பி.எஸ். தீர்ந்து சர்வர் பொத்தென்று அணைந்தால் அந்த டேட்டாபேஸ் ஒழுங்காக மூடப்படாது. திரும்ப எழுந்ததும் அதை நம்பலாமா என்ற சந்தேகம் வரும். விண்டோஸ் சர்வர் 2012இலும், அதற்கான ஹாட்ஃபிக்ஸ் (மைக்ரோசாஃப்ட் தரும் திருத்தம்) போட்ட 2008 ஆர்2விலும், அந்த டிரைவின் ரெப்ளிகேஷனை நிறுத்திவிட்டு நிர்வாகி வந்து சொல்லட்டும் என்று அது காத்திருக்கும். சர்வர் தன் நடப்புகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் லாகில், டி.எஃப்.எஸ். ரெப்ளிகேஷன் பகுதியில், 2213 என்ற எண் விழும். 2012 ஆர்2 முதல் தானாகவே சரிசெய்துகொள்வதுதான் இயல்பு, ஆனாலும் விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் யாராவது பழைய பழக்கத்தைத் திருப்பி வைத்திருந்தால் அங்கேயும் இதே கதைதான்.

2213 வந்தால் பயப்படவே வேண்டாம். அந்த ஈவென்ட்டை முழுக்கப் படித்தால் அதிலேயே வழி இருக்கிறது: அந்த ஃபோல்டரை வேறு இடத்தில் பேக்கப் எடுங்கள், பிறகு இந்தக் கட்டளையை ஓட்டுங்கள் என்று டிரைவின் அடையாள எண் உட்பட அப்படியே அச்சடித்துக் கொடுத்திருக்கும். காப்பி செய்து ஓட்டினால் போதும். மீட்பு முடிந்ததும் 2214 விழும். பெரிய டிரைவாக இருந்தால் நேரம் எடுக்கும், நடுவில் பொறுமையிழந்து சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்.

யாரும் பார்க்காமல் விட்டுவிட்டால் அடுத்து வருவது 4012. இத்தனை நாளுக்கு மேல் கூட்டாளிகளோடு தொடர்பில் இல்லாத சர்வரின் ஃபைல்களைப் பழசு என்று ஒதுக்க ஓர் எல்லை இருக்கிறது, இயல்பாக 60 நாள். அது தாண்டிவிட்டால் 2213க்கான கட்டளை எடுபடாது. இணையத்தில் தேடினால் அந்த 60ஐ 300 ஆக்கு, 500 ஆக்கு என்று கிடைக்கும். தயவுசெய்து யோசிக்காமல் செய்யாதீர்கள். காரணம் இல்லாமல் வைத்த எல்லை இல்லை அது: இங்கே எப்போதோ அழித்த ஃபைல்கள் அங்கேயிருந்து உயிரோடு திரும்பி வரும், எது புதிது எது பழசு என்று பிரிக்க முடியாமல் போகும்.

அப்புறம் இந்த நேரத்தில்தான் பெரும்பாலோர் செய்யும் வேலை, இந்த சர்வர்களை ஒன்றாகக் கட்டிவைத்திருக்கும் ரெப்ளிகேஷன் குரூப்பையே அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவது. புதிதாக உருவாக்கும்போது எந்த சர்வர் 'பிரைமரி' என்று ஒரு கேள்வி வரும். முதல் ஒத்திசைவில் பிரைமரியில் இருப்பதுதான் செல்லும், தேதி எதுவாக இருந்தாலும். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் கிளை அலுவலக சர்வரைப் பிரைமரியாகக் கொடுத்துவிட்டார். ரெப்ளிகேஷன் இரண்டு மாதத்துக்கு மேல் நின்றிருந்த காலம் அது. தலைமை அலுவலகத்தில் அந்த இடைவெளியில் உருவான ஃபைல்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் ஃபோல்டரிலிருந்து காணாமல் போயின. நான் போனபோது மெர்ச்சண்டைசர் ஒருவர் பையரிடமிருந்து வந்த பழைய மெயில்களைத் தோண்டி, அட்டாச்மென்ட்டை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்.

உண்மையில் அவை அழிந்திருக்கவில்லை. பிரைமரியில் இல்லாத ஃபைல்களை மற்ற சர்வர் 'டிஎஃப்எஸ்ஆர் ப்ரைவேட்' என்ற மறைவான ஃபோல்டருக்குள் 'ப்ரீ எக்ஸிஸ்டிங்' என்ற பகுதிக்கு நகர்த்தும். இரண்டு பக்கமும் இருந்து வித்தியாசமாக இருப்பவற்றில் தோற்றுப்போன பதிப்பு 'கான்ஃப்ளிக்ட் அண்ட் டெலிட்டட்' பகுதிக்குப் போகும். பெயரின் வாலில் நீளமான எண்ணெழுத்து ஒட்டியிருப்பதால் ஆளுக்கு அடையாளம் தெரியாது, ஆனால் எது எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே ஒரு எக்ஸ்.எம்.எல். ஃபைலில் எழுதி வைத்திருக்கும். 2012 ஆர்2 முதல் இவற்றைப் பழைய இடத்துக்கே திருப்பிக் கொண்டுவர விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் தனிக் கட்டளையே இருக்கிறது. அந்த நிறுவனத்தில் புதிதாக உருவானவை எல்லாமே கிடைத்தன. திருத்தப்பட்ட ஃபைல்களில் சில கிடைக்கவில்லை, ஏனென்றால் இரண்டாவது பகுதிக்கு இட வரம்பு உண்டு, நிரம்பினால் பழசிலிருந்து தானாகத் துடைத்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், இரண்டு சர்வரிலும் முழு நகல் எடுத்து ஓரமாக வைக்காமல் குரூப்பைத் தொடவே கூடாது. 4012க்கும் அதே விதி: நகல் எடுத்துவிட்டு, பின்தங்கிய சர்வரை மட்டும் குரூப்பிலிருந்து நீக்கி, அந்த மாற்றம் டொமைன் கன்ட்ரோலர்கள் (அலுவலகக் கணினிகளின் உள்நுழைவை நிர்வகிக்கும் சர்வர்கள்) எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு, மறுபடி சேர்க்க வேண்டும்.

அச்சகம், டிசைன் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒரு தொந்தரவு. ரெப்ளிகேஷன் நிற்காது, ஆனால் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஃபைல்களை அனுப்புமுன் தயார் செய்யும் ஸ்டேஜிங் ஃபோல்டருக்கு இயல்பாகக் கொடுத்திருப்பது 4 ஜிபி. அது 90 சதவீதம் நிரம்பினால் பழசைத் துடைத்து 60 சதவீதத்துக்குக் கொண்டுவரும். ஒரு ஃபிளெக்ஸ் டிசைனே ஒரு ஜிபி வரும் இடத்தில் 4 ஜிபி எந்த மூலைக்கு? தயார் செய்வதும் துடைப்பதும் மறுபடி தயார் செய்வதுமாகவே சர்வர் பொழுதை ஓட்டும். 4202, 4204 எண்கள் எப்போதாவது வந்தால் பரவாயில்லை, மணிக்குப் பலமுறை வந்தாலோ 4208 வந்தாலோ அளவைக் கூட்டுங்கள். ஃபோல்டரில் இருப்பதிலேயே பெரிய 32 ஃபைல்களின் மொத்த அளவு, அதுதான் குறைந்தபட்சம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. இன்று ஹார்ட் டிஸ்க் விலைக்கு இதில் கஞ்சத்தனம் தேவையில்லை.

இணைப்புக் கோளாறுகளில் நான் அடிக்கடி பார்ப்பது, கணினியின் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைத் தரும் டி.என்.எஸ். கிளை சர்வரில் இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்று யாரோ நெட்வொர்க் கார்டில் கூகுளின் பொது டி.என்.எஸ். முகவரியான 8.8.8.8 போட்டுவிடுவார்கள். இன்டர்நெட் ஜோராக ஓடும், ஆனால் அலுவலகத்தின் டொமைன் கன்ட்ரோலரை வெளியுலக டி.என்.எஸ்ஸுக்குத் தெரியாது, 1202 விழ ஆரம்பிக்கும். 5002, 5008 என்றால் எதிர்ப்பக்க சர்வரை எட்ட முடியவில்லை என்று பொருள், ஃபயர்வாலில் 135ஆம் போர்ட்டும் 49152 முதல் 65535 வரையிலானவையும் அந்த இரண்டு சர்வர்களுக்கு இடையே திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கடிகாரத்தையும் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்நுழைவுச் சோதனையிலேயே அடிபட்டுவிடும்.

டேலி டேட்டா ஃபோல்டரை ரெப்ளிகேஷனில் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போடாதீர்கள். திறந்து பூட்டப்பட்டிருக்கும் ஃபைல் மூடும்வரை போகாது, 4302, 4304 எண்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரே எக்ஸல் ஷீட்டை இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் திருத்துவதும் அப்படித்தான், கடைசியாகச் சேமித்தவர் ஜெயிப்பார், மற்றவருடையது மேலே சொன்ன மறைவான ஃபோல்டருக்குப் போய்விடும். ஓர் ஊரில் திறந்ததை மறு ஊரில் பூட்டி வைக்கும் வசதி இதில் கிடையாது.

முக்கியமாக, கட்டுரையில் சொன்னதற்கு நேர்மாறாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ரெப்ளிகேஷன் பேக்கப் ஆகாது. ஈரோட்டில் ஒருவர் ஃபோல்டரை அழித்தால் கரூரிலும் அழியும். ரான்சம்வேர் புகுந்து ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்களே பத்திரமாக அடுத்த ஊருக்கும் போய்ச் சேரும். தனி பேக்கப், அதிலும் சர்வரோடு எப்போதும் இணைந்திருக்காத ஒரு நகல், இருந்தே ஆக வேண்டும்.

முதலாளிகள் உங்கள் சர்வர் ஆளிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த வாரம் பேக்லாக் எவ்வளவு? எத்தனை ஃபைல் போகாமல் நிற்கிறது என்று சொல்லும் கட்டளை அது. ஈரோட்டிலிருந்து கரூருக்கு, கரூரிலிருந்து ஈரோட்டுக்கு என இரண்டு திசையிலும் ஓட்ட வேண்டும், ஒரு பக்கம் சுத்தமாகவும் மறுபக்கம் ஆயிரக்கணக்கிலும் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பூஜ்ஜியமோ அதை ஒட்டியோ இருந்தால் நிம்மதி, வாராவாரம் ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே லாகைத் திறக்கச் சொல்லுங்கள். கூடவே யூ.பி.எஸ்ஸின் யு.எஸ்.பி. ஒயர் சர்வரில் செருகியிருக்கிறதா என்றும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பல இடங்களில் அது பெட்டியோடு அப்படியே கிடக்கிறது. அதைச் செருகி மென்பொருளையும் போட்டுவிட்டால், பேட்டரி தீருமுன் சர்வர் தானாக ஒழுங்காக அணையும், 2213 வருவதற்கான காரணத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பில் இருக்கும் வாசகர்,
ஈரோடு.