புக்கிட் பிந்தாங்கில் நடப்போருக்கு இடையூறு நீங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறையில் ஈப்போவிலிருந்து குடும்பத்தோடு கோலாலம்பூர் சென்று, புக்கிட் பிந்தாங் வட்டாரத்தை நடந்தே சுற்றிப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். 2003இல் தொடங்கிய மோனோரயிலும் 2017இல் திறக்கப்பட்ட எம்ஆர்டி விரைவு ரயில் நிலையமும் அருகருகே அமைந்திருப்பதால், கார் நிறுத்த இடம் தேடும் தொல்லை வெளியூர்க்காரர்களுக்கு இல்லை. 1977 முதல் இயங்கும் சுங்கை வாங் பிளாசாவிலிருந்து 2007இல் திறக்கப்பட்ட பெவிலியன் பேரங்காடிக்கு நடந்தே போய்விடலாம். சிறு வணிகர்களின் கடைகள் நெருங்கி நிற்கும் முன்னதே என் மனத்துக்கு நிறைவளித்தது. இருட்டியதும் ஜாலான் அலோரில் தெருவோரமெங்கும் மேசைகள் போடப்பட்டு, சாத்தே சுடும் புகையும் வாடிக்கையாளரை அழைக்கும் குரல்களுமாக அந்தத் தெருவே ஓர் உணவுக்கூடமாகிவிடுகிறது.

பெவிலியனையும் இரட்டைக் கோபுரத்துக்கு அருகிலுள்ள கேஎல்சிசி மாநாட்டு மையத்தையும் இணைக்கும், ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளமுள்ள குளிரூட்டப்பட்ட நடைபாதை 2012இல் திறக்கப்பட்டது. வெயிலும் மழையும் படாமல் என் வயதான தாயார் இரட்டைக் கோபுரம் வரை நடந்து வந்தார் என்றால், அதற்கு இந்தப் பாதையே காரணம். ஆனால் அதன் நுழைவாயில் பேரங்காடிக்குள் இருப்பதால், புதிதாக வருவோர் பலர் அதை அறியாமலே வெயிலில் நடக்கின்றனர். நிலைய வாயில்களில் அதற்குத் தெளிவான வழிகாட்டிப் பலகைகள் வைக்கவும், சாலையோர நடைபாதைகளில் மோட்டார் சைக்கிள்கள் ஏறாதவாறு தடுப்புகள் அமைக்கவும் பொறுப்பில் உள்ளோர் விரைந்து ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஈப்போ