தரவுத்தளப் பாடத்தின் உருபொருள்–உறவுநிலை வரைபடங்கள் குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். கணினி அறிவியல் பயிலும் மாணவர்கள் இந்தப் பருவத்தில் தரவுத்தள வடிவமைப்பை, அதாவது தகவல்களைக் கணினியில் ஒழுங்காகச் சேமிப்பதற்கான அமைப்பைத் திட்டமிடுவதை, தொடங்கியுள்ளனர். கணினிப் பாடம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் தாளும் பென்சிலுமாக அமர்ந்து செவ்வகங்களும் சாய்சதுரங்களும் வரைந்துகொண்டிருப்பது ஏன் என்று பெற்றோர் சிலர் வினவியதால், விளக்கத்தை அனைவருக்குமே எழுதுவது நலம் எனக் கருதினேன்.

அவர்கள் வரைவது உருபொருள்–உறவுநிலை வரைபடம். தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் மாதிரியைக் கணினி அறிவியலாளர் எட்கர் காட் 1970-இல் முன்வைத்தார். எந்தெந்த அட்டவணைகள் வேண்டும் என்பதை நடைமுறை உலகைப் பார்த்து முடிவுசெய்ய உதவும் இந்த வரைபட முறையை, 1976-இல் வெளியான தம் ஆய்வுக்கட்டுரையில் கணினி அறிவியலாளர் பீட்டர் சென் அளித்தார். தகவல் சேமிக்கப்பட வேண்டிய ஆளையோ பொருளையோ நிகழ்வையோ, அதாவது உருபொருளை, செவ்வகம் குறிக்கும். அதன் பண்புக்கூறுகளை, அதாவது பெயர், பிறந்த தேதி போன்ற விவரங்களை, நீள்வட்டங்கள் குறிக்கும். உருபொருள்களை இணைக்கும் உறவுநிலையைச் சாய்சதுரம் குறிக்கும். ஒரே பெயரில் இரு மாணவர்கள் இருக்கக்கூடும் என்பதால், ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய உதவும் சேர்க்கை எண் போன்ற பண்புக்கூறு அடிக்கோடிடப்படும். குறியீடுகளைப் பொறுத்தவரை தொடக்கத்துக்கு இவ்வளவே போதும். பாடத்தின் கடினம் அவற்றில் இல்லை.

நம் பள்ளியின் பதிவேட்டையே எடுத்துக்கொள்ளலாம். மாணவர் என்னும் உருபொருளிலேயே பெற்றோரின் தொலைபேசி எண்ணையும் ஒரு பண்புக்கூறாகச் சேர்த்துவிடுவது முதல் வரைவுகளில் இயல்பாக நிகழ்வது. ஆனால் அக்காளும் தம்பியும் ஒரே பள்ளியில் படிக்கும்போது அந்த எண் இரண்டு இடங்களில் பதிவாகும். பின்னாளில் எண் மாறி, ஒரு பதிவு மட்டும் திருத்தப்பட்டால், இரண்டில் எது சரியானது என்று தரவுத்தளத்தால் சொல்ல இயலாது. ஆகவே பெற்றோரைத் தனி உருபொருளாக்க வேண்டியிருக்கிறது. பிரித்தவுடன் வேறு கேள்விகள் எழுகின்றன. ஒரு பெற்றோருக்கு இங்கே எத்தனை பிள்ளைகள் படிக்கலாம்? ஒரு மாணவருக்கு எத்தனை பெற்றோர் அல்லது பாதுகாவலர் பதிவாகலாம்? இரண்டுக்குமே ‘ஒன்றுக்கு மேல்’ என்பது விடையாதலால், இது பல–பல உறவுநிலை ஆகிறது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பாதுகாவலராவது கட்டாயம் பதிவாகியிருக்க வேண்டும் என்பது பள்ளியின் விதியானால், மாணவர் செவ்வகத்தைச் சாய்சதுரத்தோடு இணைக்கும் கோடு இரட்டைக் கோடாக இடப்பட வேண்டும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் வருகிறது. தாய், தந்தை, பாதுகாவலர் என்னும் உறவுமுறையை எந்தச் செவ்வகத்தோடு சேர்ப்பது? ஒருவரே தம் மகளுக்குத் தாயாகவும் அண்ணன் மகனுக்குப் பாதுகாவலராகவும் இருக்கக்கூடும். எனவே அது பெற்றோருக்கும் உரியதன்று, மாணவருக்கும் உரியதன்று. இருவரையும் இணைக்கும் சாய்சதுரத்துக்கே உரியது. தேர்வு மதிப்பெண்ணும் அவ்வாறே மாணவருக்கும் தேர்வுக்கும் இடைப்பட்டது. இதை மாணவர்கள் தாமே கண்டறிய வேண்டும் என்பதற்காகவே எங்கள் ஆசிரியர்கள் விடையை உடனே கூறுவதில்லை. வீட்டிலும் விடையைச் சொல்லிவிடாதிருக்குமாறு வேண்டுகிறேன்.

வரைபடத்தை அட்டவணைகளாக மாற்றும்போது இந்த உழைப்பின் பயன் தெரியும். வகுப்பாசிரியர் ஒருவர், அவரிடம் மாணவர் பலர் என்பது போன்ற ஒன்று–பல உறவுநிலையில், ஆசிரியரின் முதன்மைத் திறவுகோலை (அவரைப் பிரித்தறிய உதவும் அடிக்கோடிட்ட பண்புக்கூறை) மாணவர் அட்டவணையில் அயல் திறவுகோலாக (வேறோர் அட்டவணையின் வரியைச் சுட்டுவதாக) சேர்த்தால் போதும். பல–பல உறவுநிலைக்கோ இரு பக்கத் திறவுகோல்களையும் தாங்கிய மூன்றாவது அட்டவணை ஒன்று தேவை. சாய்சதுரத்தோடு சேர்ந்திருந்த உறவுமுறை அந்த அட்டவணையில்தான் இடம்பெறும்.

இரு தவறுகளை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன். ஒரே ஒரு பள்ளிக்கான தரவுத்தளத்தில் ‘பள்ளி’ என்றொரு செவ்வகம் வரைவது தேவையற்றது. அந்த அட்டவணையில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். பிறந்த தேதி இருக்கும்போது வயதையும் சேமிப்பதும் அத்தகையதே. வயதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்பதால் வரைபடத்தில் அது புள்ளிக்கோட்டு நீள்வட்டமாகவே காட்டப்படும்.

மென்பொருள் துறையில் பணிபுரியும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் அலுவலகங்களில் சாய்சதுரம் இல்லாமல், ‘பல’ என்பதைக் காக்கையின் கால்போலக் கிளைக்கும் கோட்டுமுனையால் காட்டும் காக்கைக்கால் குறியீடு வழக்கில் இருக்கலாம். அதுவும் சரியான முறையே. அதைப் பின்னர் கற்பிப்போம். உறவுநிலைக்கும் பண்புக்கூறுகள் உண்டு என்பதைச் சாய்சதுரம் கண்முன் நிறுத்துவதால் முதலில் இதையே தேர்ந்தெடுத்துள்ளோம். ஆகவே வரைபடத்தைத் திருத்திக் கொடுப்பதைத் தவிர்த்து, ஒவ்வொரு கோட்டையும் சுட்டிக்காட்டி, “இந்தப் பக்கத்தில் ஒன்று என்றால் அந்தப் பக்கத்தில் எத்தனை? ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாமா?” என்று இரு திசைகளிலும் கேட்டால் போதுமானது. இதற்குக் கணினி அறிவு தேவையில்லை.

வரைவுகளைப் பென்சிலால் வரைந்தே ஆசிரியரிடம் காட்ட வேண்டும். அழித்தெழுதிய தடங்களுக்காக மதிப்பெண் குறைக்கப்படாது. வரைபடத்தில் ஆசிரியர் கையொப்பமிட்ட பின்னரே கணினியில் அட்டவணைகளை உருவாக்க அனுமதிக்கப்படும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்