டிரெய்லருக்கு ஒயர்லெஸ் கேமரா: கரண்ட் எங்கிருந்து, ஆன்டெனா எங்கே

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது பெரிய சந்தோஷம். இங்கே ஹூஸ்டனில் எல்லோரும் நலம். வெயில்தான் விட்டபாடில்லை.

26 அடி குடியிருப்பு டிரெய்லர் வாங்கியிருக்கிறாய், அல்கொன்குவின் பூங்காவுக்குப் போவதற்குள் பின்பக்கம் பார்க்க ஒயர்லெஸ் கேமரா மாட்ட வேண்டும், எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டிருந்தாய். டிஜிட்டலாக இருக்கட்டும், தூசும் தண்ணீரும் புகாத தரம் ஐபி67-க்குக் குறையாமல் இருக்கட்டும். இந்த இரண்டும் இருந்தால் கம்பெனியைப் பற்றி அதிகம் யோசிக்காதே. கேமராவுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, ஆன்டெனா எங்கே நிற்கிறது, இதைப் பொறுத்துத்தான் படம் வருவதும் வராததும்.

டிரெய்லரை இழுக்கும் உன் டிரக்கிலேயே பின்பக்கக் கேமரா இருக்கும். 2018 மே 1 முதல் தயாரான புது இலகுரக வண்டிகளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் அது கட்டாயம். டிரெய்லரைக் கோர்த்துவிட்டால் அதில் டிரெய்லரின் முன்சுவர் மட்டுமே தெரியும். டிரெய்லரைக் கோர்க்கும் ஹிட்ச் பந்தை நேராகக் கொண்டுபோய் நிறுத்த அது போதும், மீதி எதற்கும் உதவாது. அதனால் இரண்டாவது கேமரா டிரெய்லரின் பின்சுவரில்தான்.

ஒயர்லெஸ் என்றால் ஒயரே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். படம் மட்டும்தான் காற்றில் வரும், 12 வோல்ட் கரண்ட் ஒயர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். முதலில் டிரெய்லரின் பின்சுவரின் மேல்பகுதியைப் பார். நடுவில் ஒரு சிறிய பிளாஸ்டிக் மூடி இருந்தால் கம்பெனியிலேயே கேமராவுக்கு ஏற்பாடு செய்து அனுப்பியிருக்கிறார்கள். பல டிரெய்லர்களில் அது ஃபுரியன் என்ற கம்பெனியின் கேமராவுக்கான அடைப்பு. உள்ளே கரண்ட் ஒயர் இருக்கும். வேறு கம்பெனி கேமரா மாட்டினால் அடாப்டர் தேட வேண்டியிருக்கும்.

மூடி இல்லையென்றாலும் கவலை இல்லை. 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள டிரெய்லரின் பின்னால், உச்சியில், நடுவே மூன்று சிவப்பு விளக்குகள் இருந்தே ஆக வேண்டும். அதில் நடுவிளக்கைக் கழற்று. இரண்டு ஒயர் வரும், ஒன்று பார்க்கிங் லைட், மற்றது எர்த். கேமராவுக்கு வேண்டியதும் அதுதான். ஒயரும் அந்த ஓட்டை வழியே போவதால் சுவரில் புதிதாக ஒயருக்குத் துளை போட வேண்டாம். டிரெய்லர் சுவரில் துளை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, தண்ணீர் இறங்கி உள்ளே பிளைவுட் ஊறிவிட்டால் அந்தச் செலவு கேமராவைப் போலப் பல மடங்கு.

நிறத்தை மட்டும் நம்பாதே. டிரக்கையும் டிரெய்லரையும் சேர்க்கும் ஏழு பின் மின் இணைப்புக்கு இரண்டு வகை நிற வழக்கம் உண்டு. சாதாரண சரக்கு டிரெய்லரில் பார்க்கிங் லைட்டுக்குப் பழுப்பு. உன்னுடையது போன்ற குடியிருப்பு டிரெய்லரில் பெரும்பாலும் பச்சைதான் பார்க்கிங் லைட், பழுப்பு வலது இண்டிகேட்டர். சரக்கு டிரெய்லர் படத்தைப் பார்த்துக்கொண்டு இதில் பழுப்பில் கோர்த்தால், வலது இண்டிகேட்டரோ பிரேக்கோ போடும்போது மட்டும் கேமரா உயிர்பெற்று அணைந்துகொண்டிருக்கும். மல்டிமீட்டரை வைத்துப் பார்: டிரக்கின் விளக்கைப் போட்டால் 12 வோல்ட்டுக்கு மேல், அணைத்தால் பூஜ்யம், இண்டிகேட்டருக்கும் பிரேக்குக்கும் அசையக் கூடாது. அதுதான் உன் ஒயர்.

பார்க்கிங் லைட்டில் எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. பகலில் முன்விளக்கு தானாக எரிவதைப் பார்த்து எல்லா விளக்கும் எரிகிறது என்று தோன்றும். பகல் விளக்கு மட்டும் எரியும்போது பல வண்டிகளில் பின்னால் எதுவும் எரியாது, கேமராவுக்கும் கரண்ட் போகாது. கேமரா கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் பலருக்கும் இதுதான் கதை. டிரெய்லர் கோர்த்தால் விளக்கு ஸ்விட்ச்சை ஆட்டோவில் விடாமல் கையால் திருப்பி வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள். ரோட்டில் பின்னால் வருகிறவனுக்கும் அது நல்லது.

ரிவர்ஸ் லைட்டிலிருந்து எடுக்கலாமே என்று கேட்பாய். ஏழு பின்னில் நடுப்பின் அதற்குத்தான், ஆனால் பல டிரெய்லர்களில் அது எங்கும் போய்ச் சேராமல் நின்றுவிடும். சேர்ந்திருந்தாலும் ரிவர்ஸ் போட்ட பிறகு கேமரா விழித்துத் திரையோடு பேசச் சில நொடி ஆகும், 401 ஹைவேயில் ஓடும்போது பின்னால் என்ன வருகிறது என்றும் பார்க்க முடியாது. டிரெய்லர் பேட்டரியிலிருந்து நேராக எடுப்பதென்றால் கண்டிப்பாக ஸ்விட்ச் வை. 0.3 ஆம்பியர் இழுக்கும் கேமரா ஒரு நாளில் 7 ஆம்பியர்-மணிக்கு மேல் தின்றுவிடும். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி ஒரு வாரத்தில் பாதிக்கு வந்துவிடும். ஒன்று மட்டும் கவனி: சில புது டிரக்குகள் விளக்குக்கு நேர்க் கரண்ட் அனுப்பாமல் துடிப்புத் துடிப்பாக அனுப்பும். எல்இடி விளக்கு மெல்ல மினுக்கினால், கேமரா விட்டு விட்டு எழுந்தால், அதுதான் காரணம். அப்போது பேட்டரியும் ஸ்விட்ச்சுமே வழி.

இணைப்புக்கு 18 கேஜ் ஒயர், வெப்பத்தில் சுருங்கும் கிரிம்ப் கனெக்டர், பிளஸ் ஒயரில் 2 ஆம்பியர் ஃப்யூஸ். ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது உங்கள் ஊர் ரோட்டில் போடும் உப்புக்கு ஒரு குளிர்காலம் தாங்காது. கேமரா பிராக்கெட்டின் அடியில் பியூட்டில் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒட்டு ரப்பர் பட்டை), துருப்பிடிக்காத ஸ்டீல் திருகு, மேல் விளிம்பிலும் பக்கங்களிலும் வழியாத வகை சீலன்ட். கீழ் விளிம்பைத் திறந்தே விடு, உள்ளே போன நீர் வெளியேற வழி வேண்டும். சிலிக்கான் பக்கம் போகாதே, ஒருமுறை பூசினால் அதன்மேல் வேறெந்த சீலன்ட்டும் ஒட்டாது. ஒயர் சுவருக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்று, மழைநீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கேமராவையும் திரையையும் வீட்டிலேயே ஜோடி சேர். பிறகு கேமராவை அது நிற்கப்போகும் இடத்தில் டேப்பால் இறுக்கி ஒட்டி, விளக்கு ஒயரில் தற்காலிகமாகக் கோர்த்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வா. பெட்டியில் போட்டிருக்கும் தூரம் திறந்த வெளியில் அளந்தது. உன் டிரெய்லரின் கடைசியிலிருந்து டிரக்கின் டாஷ்போர்டு வரை 12 மீட்டராவது இருக்கும், நடுவில் அலுமினியச் சுவர், ஃப்ரிட்ஜ், டிரக்கின் கேபின் எல்லாம் குறுக்கே நிற்கும். நேரே ஓடும்போது நன்றாக வந்து, திரும்பும்போது விட்டுப்போகிறதா என்று பார். விட்டுப்போனால் முதலில் திரையின் ஆன்டெனாவைப் பின் கண்ணாடிப் பக்கம் நகர்த்து. கேமரா ஆன்டெனாவுக்கு நீளமான கேபிள் போடுவதில் நாட்டம் வேண்டாம், மெல்லிய கேபிளில் ஒவ்வொரு மீட்டருக்கும் அலை குறைந்துகொண்டே போகும். இந்தக் கேமராக்களில் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகின்றன, வைஃபை டாஷ்கேமும் போன் ஹாட்ஸ்பாட்டும் பெரும்பாலும் அங்கேதான். சோதிக்கும்போது அவற்றை அணைத்தும் பார், போட்டும் பார்.

டிஜிட்டல் கேமராவில் எனக்குப் பயம் ஒன்றுதான். சிக்னல் போனால் பழைய அனலாக் திரையில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், உடனே தெரிந்துவிடும். சில மலிவான டிஜிட்டல் திரைகளில் கடைசிப் படம் அப்படியே உறைந்து நிற்கும், வெறும் ரோடு தெரியும், பின்னால் ஆள் நிற்பது தெரியாது. சிக்னல் போனதும் திரை கறுத்துப்போகும் கேமராவாகப் பார்த்து வாங்கு. கடையில் சோதிப்பது எளிது: படம் வரும்போது கேமராவின் கரண்டைப் பிடுங்கிவிட்டுத் திரையைப் பார். தாமதமும் இருக்கும். 0.2 நொடி தாமதம் என்றால் மணிக்கு 5 கிலோமீட்டரில் ரிவர்ஸ் எடுக்கையில் 28 சென்டிமீட்டர். திரையில் மரம் தொட இன்னும் ஒரு சாண் இருக்கும்போது நிஜத்தில் தொட்டிருப்பாய்.

மாட்டிய பிறகு கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பம்பரின் விளிம்பு படத்தின் அடியில் மெல்லிய பட்டையாகத் தெரியும்படி வை. தங்கச்சியை டிரெய்லரின் வலது ஓரத்துக்குப் பின்னால் நிற்கச் சொல். திரையிலும் வலது பக்கம் தெரிந்தால் சரி, இல்லையென்றால் செட்டிங்கில் இடவலத்தை மாற்று. பம்பரிலிருந்து 1, 2, 3 மீட்டரில் சாக்பீஸால் கோடு போட்டு, அவை திரையில் விழும் இடத்தில் ஓரமாகச் சின்ன டேப் ஒட்டிக்கொள். திரையில் கம்பெனி காட்டும் கோடுகள் உன் டிரெய்லரை அளந்து போட்டவை இல்லை. அகலமான லென்ஸ் எல்லாவற்றையும் தள்ளியிருப்பதுபோல் காட்டும்.

காந்தத்தில் ஒட்டும் சோலார் கேமராவைப் பற்றியும் கேட்டிருந்தாய். உன் பின்சுவர் ஃபைபர்கிளாஸாகவோ அலுமினியமாகவோ இருக்கும், காந்தம் ஒட்டாது. ஸ்டீல் பம்பரில் ஒட்டினால் சேற்றில் மூடிப்போகும். அதற்குள் இருக்கும் லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்வதும் கூடாது. வாடகை டிரெய்லருக்குச் சரி, உனக்கு வேண்டாம்.

கேமரா நன்றாக வேலை செய்தாலும், முகாமில் ரிவர்ஸ் எடுக்குமுன் ஒருமுறை இறங்கிச் சுற்றிப் பார். மேலே தொங்கும் பைன் கிளையை அது காட்டாது, கூரை ஏசி அதில்தான் மோதும்.

டிரெய்லரின் பின்சுவர் முழுதும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும், ஏழு பின் பிளக்கைத் திறந்து உள்ளே ஒரு போட்டோவும் அனுப்பு. எந்த ஒயர் என்று குறித்து அனுப்புகிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்